ரொட்டியும் சம்பலும் முதுமாணிப் பட்டமும்

1979 ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. களம், இலங்கையின் ஒரு தேயிலைத் தோட்டம். குருதிச்சோகை உள்ள 199 தொழிலாளர்களை ஆய்வில் சேர்த்தார்கள். சிலருக்கு இரும்புச்சத்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சத்து ஏதும் இல்லாத வெறும் மாத்திரை. ஒரு மாதம் போனதும் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். குருதியில் ஹீமோகுளோபின் கூடியவர்களின் கூடையில் கொழுந்தும் கூடியிருந்தது. மிகவும் சோகை பிடித்தவர்களிடம், அதாவது ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்தவர்களிடம், அந்த முன்னேற்றம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. வேலை நேரத்துக்கு வெளியிலும் அவர்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாக நடமாடினார்கள் என்பதையும் கருவி வைத்துப் பதிந்தார்கள்.

கலிபோர்னியாவின் எட்ஜர்டன், பேராதனையில் மருத்துவம் கற்பித்த பிரையன் செனவிரத்ன முதலானோர் செய்த ஆய்வு அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1977 இல், இதே குழு தோட்டத்துப் பெண்களை ஓடுபொறியில் நடக்கவைத்து, குருதி குறைந்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் களைத்துப்போகிறார்கள் என்று அளந்து எழுதியிருந்தது. இரும்புச்சத்துக் குறைபாடு மனிதரின் உழைப்பை எப்படி அரித்துவிடுகிறது என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் சான்றுகளில் இவை இரண்டும் அடக்கம்.

நல்ல ஆய்வுகள்தாம். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பெண்ணின் களைப்பைக் கண்டுபிடிக்க எடுத்த அளவுகோல்களில் முதலாவது, அவள் பறித்த கொழுந்தின் எடை. வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குச் சோறூட்ட அவளிடம் தெம்பு இருந்ததா, தன் தட்டில் அவளுக்கென்று என்ன மிஞ்சியது என்ற கேள்விகள் அங்கே முன்னுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டுமானால் அவற்றைக் கேட்கும் ஒருத்தி அந்தக் குழுவில் இருந்திருக்க வேண்டும்.

ஊவாவின் பண்டாரவளையிலும் பதுளையிலும் ஹாலி-எலயிலும் உயர்தரம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் “உணவு விஞ்ஞானத்திலும் போசணையிலும் முதுமாணி செய்யலாம்” என்று சொன்னால், அது சமையல் படிப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டதாரிகளிடையே பட்டப்பின் படிப்பு என்றதுமே ஆசிரியர்களுக்கான கல்வி டிப்ளோமாதான் நினைவுக்கு வரும். எந்தத் துறையின் ஆய்வுகளில் மலையகம் அரை நூற்றாண்டாகக் களமாக இருந்துவருகிறதோ, அந்தத் துறையை அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தப் படிப்பு என்ன, எங்கே படிக்கலாம், ஏன் போகமுடிவதில்லை, போனால் எதை ஆராயலாம் என்பதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

பெயரிலேயே இரண்டு துறைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உணவு விஞ்ஞானம் என்பது உணவு வாய்க்குள் போகும்வரை நடப்பதைப் படிப்பது: அதன் இரசாயனம், அதில் வளரும் நுண்ணுயிர், பதப்படுத்தல், பொதியிடல், தரக்கட்டுப்பாடு. போசணை என்பது வாய்க்குள் போனபின் நடப்பது: எது உடலில் சேருகிறது, எது சேராமல் கழிகிறது, ஒரு சமூகம் எதனால் மெலிகிறது அல்லது பருக்கிறது. முதலாவது தொழிற்சாலைப் பக்கம் இழுக்கும், இரண்டாவது சுகாதாரப் பக்கம் இழுக்கும். ஊவாவில் இரண்டுக்கும் வேலை உண்டு.

முதலாவதற்கு அழகான உதாரணம் ஊவாத் தேயிலையே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலைச்சரிவுகளில் வறண்ட காற்று அடிக்கும்போது பறிக்கப்படும் கொழுந்தில் ஒரு தனி வாசம் ஏறும். மெந்தோல் போல மூக்கில் ஏறும் அந்த வாசத்துக்கு முக்கிய காரணம் மெதைல் சாலிசிலேட் என்ற சேர்மம். வறட்சியால் அவதிப்படும் செடி தன் பிழைப்புக்காகச் செய்யும் இரசாயன மாற்றத்துக்கு ஏலச்சந்தையில் கூடிய விலை கிடைக்கிறது. காற்று, செடி, வாட்டுதல், நொதித்தல், உலர்த்துதல் என்று எந்தக் கட்டத்தில் அந்த வாசம் கூடுகிறது, எங்கே பறந்துபோகிறது என்று தேடுவது சுத்தமான உணவு இரசாயனம். 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. அதன் ஊவா நிலையம் பசறையில். 2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதையே தன் நோக்கமாக அறிவித்து, தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பை வைத்திருக்கிறது. பண்டாரவளையிலேயே விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஹப்புத்தளையில் தோமஸ் லிப்டனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தம்பேதன்னைத் தொழிற்சாலையும், ஜேம் போத்தல்களுக்குப் பேர்போன அடிசம் துறவிமடமும் ஒரே மலைத்தொடரில் இருக்கின்றன. உணவு விஞ்ஞானத்துக்கு இதைவிட வசதியான ஆய்வுகூடம் இலங்கையில் வேறெங்கும் இல்லை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இரண்டாவது துறையான போசணைக்கோ ஊவாவும் நுவரெலியாவும் வேறு காரணத்துக்காகப் பேர்போனவை. 2016 இன் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையை மட்டும் எடுத்தால் அது 31.7 சதவீதம். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். பதுளை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்போது இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 150,000 பேர். அவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை தோட்டத்தோடு பிணைந்தது. அந்தச் சதவீதத்துக்குள் யார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தப் பிள்ளைகளின் தாய் காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று பார்ப்போம். விடியுமுன் எழுந்து கோதுமை மாவைப் பிசைகிறாள். கொஞ்சம் தேங்காய்ப்பூ, உப்பு. கல்லில் ரொட்டி வேகும் நேரத்தில் செத்தல் மிளகாயையும் வெங்காயத்தையும் இடித்துத் தேசிக்காய் பிழிந்து கட்டச் சம்பல் தயாராகிறது. ரொட்டியைத் தின்றுகொண்டே சீனி போட்ட சாயத்தண்ணி குடிக்கிறாள். இரண்டு ரொட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகிறாள். பத்து மணிக்கு மலையில் மறுபடியும் ரொட்டி, மறுபடியும் தேத்தண்ணி.

ஒரு போசணை மாணவருக்கு இந்தத் தட்டில் ஒரு முழு ஆய்வேடு கிடக்கிறது. தாவர உணவில் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ள இரும்பைப்போல இலேசில் உடலில் சேராது. சேர்வதற்கு உதவுவது உயிர்ச்சத்து சி. சம்பலில் பிழிந்த தேசிக்காயில் அது இருக்கிறது. சேரவிடாமல் தடுப்பது தேயிலையின் துவர்ப்புச் சேர்மங்கள். 1975 இல் டிஸ்லரும் சக ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்காவில் செய்த சோதனையில், பாணோடு தேநீர் குடித்தபோது உடலில் சேர்ந்த இரும்பு, தேநீர் இல்லாமல் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. தேசிக்காய் ஏற்றுவதைச் சாயத்தண்ணி இறக்கிவிடுகிறது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுப்பவர்களின் குருதியில் இரும்பு தங்காமல் போவதில் அந்தத் தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது கசப்பான விஷயம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டால் தீங்கு பெருமளவு குறையும் என்பது பாடநூலில் உள்ளது. ஆனால் மலையில் ஓய்வு கிடைப்பதே அந்தச் சில நிமிடங்கள்தாம், அப்போதுதான் ரொட்டியும் வரும் தேத்தண்ணியும் வரும் என்பது பாடநூலில் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த ஆய்வாளருக்கு அது சொல்லாமலே தெரியும்.

கோதுமை மா தோட்டத்துக்கு வந்த கதையும் போசணை வரலாற்றின் ஒரு பகுதி. பங்கீட்டு அரிசிக்கும் அமெரிக்க உதவி மாவுக்கும் இடையில் தோட்டக் குடும்பங்கள் அலைக்கழிந்தன. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது லயங்களில் மனிதர்கள் பட்டினியால் மடிந்தார்கள். தோட்டத்துறையின் இறப்பு வீதம் அந்த ஆண்டுகளில் எகிறியது. 1980 இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் மா எங்கும் எப்போதும் கிடைக்கும் பொருளானது. விடியற்காலையில் சீக்கிரம் வேகும், வயிற்றில் நெடுநேரம் நிற்கும், மலைக்கு எடுத்துப்போக வசதி. ரொட்டியைப் பழிப்பவர்கள் இந்த மூன்றையும் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

மா எல்லா வீட்டுக்கும் போகிறதென்றால், மாவிலேயே இரும்பைக் கலந்துவிட்டால் என்ன? இந்த யோசனையை இலங்கைத் தோட்டங்களிலேயே சோதித்தார்கள். நெஸ்டல், சிவகணேசன், அத்துகோரள, விக்கிரமநாயக்க முதலானோர் எழுதிய அந்த ஆய்வு 2004 இல் வெளியானது. மின்பகுப்பு இரும்பு, ஒடுக்கிய இரும்பு என்ற இரண்டு வகை இரும்புத் தூள் கலந்த மாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் கிட்டவில்லை, சோகை குறையவில்லை. இந்த வகைத் தூள்கள் மலிவு, மாவின் நிறத்தையும் வாசத்தையும் கெடுக்காது, ஆனால் உடலில் சேர்வது மந்தம். துவர்ப்பும் தவிட்டில் உள்ள பைட்டிக் அமிலமும் நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் மந்தம். 2009 இல் உலக சுகாதார நிறுவனம் கோதுமை மாவுக்கான வழிகாட்டலை வெளியிட்டபோது ஒடுக்கிய இரும்பு பட்டியலில் இடம்பெறவில்லை. தடுக்கும் பொருள்களையும் தாண்டி உடலில் சேரக்கூடிய சோடியம் இரும்பு ஈடிடிஏ முன்னுக்கு வந்தது.

தோற்றுப்போன ஆய்வு என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. தோல்வியை மறைக்காமல் அச்சிட்டதால்தான் எந்த இரும்பு எந்தத் தட்டில் செல்லாது என்பது தெரிந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன், 1994 இல், சுனேத்ரா அத்துகோரளவும் குழுவினரும் பெருந்தோட்டக் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியிருந்தது. இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளோடு பூச்சி மருந்தும் கொடுத்தபோது பலன் கூடியது. கொக்கிப்புழு குருதியை உறிஞ்சிக்கொண்டிருக்கும் வயிற்றில் மாத்திரையை மட்டும் கொட்டிப் பயனில்லை. ஆக, சோகை என்ற ஒன்றைப் பிடிக்கப் போனால் மாவும் தேயிலையும் புழுவும் மலசலகூடமும் வேலை நேரமும் சேர்ந்து வருகின்றன. போசணை படிப்பவர்கள் எதற்காகப் புள்ளிவிபரமும் இரசாயனமும் மானிடவியலும் ஒன்றாகப் படிக்கிறார்கள் என்பதற்கு இதுவே விடை.

இந்தத் துறை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல; தேயிலை மலைக்கும் அந்நியமானதல்ல. 1918 இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்கரிசன் ஒரு சிறிய ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். அதுவே 1928 இல் போசணை ஆய்வுகூடங்கள் என்று வளர்ந்து, 1958 இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969 இல் இந்தியாவின் தேசிய போசணை நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. குன்னூரில் மக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, பச்சை மரக்கறி தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னைச் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. இன்னொரு கூட்டத்துக்கு ஏழை ஆங்கிலேயரின் சாப்பாட்டைக் கொடுத்தார்: வெள்ளைப் பாண், மார்ஜரின், சீனி போட்ட தேநீர், டின் இறைச்சி. அந்த எலிகள் வளராமல் குன்றியதோடு பராமரிப்பவர்களையும் கடித்தன. பின்னர் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. வெள்ளை மாவும் இனிப்புத் தேநீரும் சேர்ந்த அந்தச் சாப்பாடு எந்த மலையில் இன்று அன்றாடச் சாப்பாடாக இருக்கிறது என்று ஊவா வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எலியின் கதையை மனிதருக்கு அப்படியே பொருத்துவது சரியல்லதான். ஆனாலும் பார்வை போன திசை சரி.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பைப் பெண்களின் கையில் கொடுத்தது கோயம்புத்தூர். தி. சு. அவினாசிலிங்கம் 1957 இல் தொடங்கிய மனையியல் கல்லூரிக்கு உருவம் கொடுத்தவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய இராஜம்மாள் தேவதாஸ். 1988 இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மனையியல் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் எவ்வளவு புரதம், எவ்வளவு கீரை என்று கணக்குப் போட்டது அங்கு படித்தவர்களும் படிப்பித்தவர்களும்தாம். மைசூரில் 1950 இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அறுபதுகளின் நடுவிலிருந்து ஆசிய நாடுகளின் மாணவர்களுக்கு உணவுத் தொழினுட்பம் கற்பித்துவருகிறது. எருமைப் பாலில் குழந்தைப் பால்மாவைச் செய்யமுடியாது என்று வெளிநாட்டு நிறுவனங்கள் கைவிரித்தபோது செய்துகாட்டிய இடம் அது. திருவாரூரில் 1967 இல் நெல் பதப்படுத்தல் நிலையமாகத் தொடங்கியது இன்று தஞ்சாவூரில் தேசிய நிலை நிறுவனமாக நிற்கிறது. இலங்கை மாணவர்களுக்கான இந்திய அரசின் புலமைப்பரிசில்களில் முதுமாணிப் படிப்புக்கும் இடம் உண்டு. மௌலானா ஆசாத் பெயரில் வழங்கப்படுவது அப்படியானது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1947 இல் ஏற்படுத்தப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரும் தஞ்சாவூரும் மொழியால் பக்கத்து ஊர்கள். இவ்வளவு இருந்தும் பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் அந்தக் கதவுகளைத் தட்டுவது அரிது.

இலங்கைக்குள் உள்ள வழிகள் இவை. பேராதனையில் 1975 இல் அமைந்த விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் உணவு விஞ்ஞானத்தில் முதுமாணி முதல் கலாநிதிவரை நடத்துகிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் உணவு விஞ்ஞான, தொழினுட்ப முதுமாணி பல ஆண்டுகளாக நடக்கும் ஒன்று. தொழிற்சாலைகளில் வேலைபார்ப்பவர்கள் அதை நாடுவதுண்டு. வடமேல் பல்கலைக்கழகத்தின் மாகந்துரை வளாகத்தில் போசணைக்கென்றே ஒரு துறை உண்டு. பட்டப்படிப்பிலேயே உணவையும் போசணையையும் சேர்த்துப் படிப்பிக்கிறார்கள். கொழும்பின் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் மருத்துவர்களுக்குப் போசணையில் பயிற்சி கொடுக்கிறது. கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் வந்தாறுமூலையிலும் உணவு இரசாயனத்தில் ஆய்வு செய்யும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழில் பேசிக் கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் படித்துப் பெறும் முதுமாணி 9 ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளி. ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10 ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளி. முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. பின்னாளில் பல்கலைக்கழக விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ போக நினைப்பவர்கள் 9 ஆம் மட்டத்தோடு நின்றுவிட்டால் அப்புறம் மறுபடியும் அடியிலிருந்து ஏற வேண்டிவரும். தொழிற்சாலையில் பதவி உயர்வுதான் நோக்கமென்றால் 9 போதும். பலர் இதை விசாரிக்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

பணம் என்ற சொல் வந்துவிட்டது. அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் இலவசம். பட்டப்பின் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு, அது இலட்சங்களில் வரும். 2024 இல் பெருந்தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயமானது. அந்தச் சம்பளத்தில் ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்த பெற்றோர், பட்டம் கிடைத்ததும் வீட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வரும் என்றுதான் காத்திருப்பார்கள். இன்னும் இரண்டு வருடம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. வகுப்புகள் வார இறுதியில் என்பதால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பார்கள். கொழும்பில் வேலை பார்ப்பவருக்கு அது சரி. பண்டாரவளையில் இருப்பவர் வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறினால்தான் சனிக்கிழமைக் காலை வகுப்பில் உட்காரலாம். ஞாயிறு இரவு மறுபடியும் ரயில்.

இன்னும் பின்னுக்குப் போனால் அடைப்பு உயர்தரத்திலேயே இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எழுபதுகளில்தான் பொறுப்பேற்றது. பதுளை சரஸ்வதி மத்திய கல்லூரி போன்ற நகரப் பாடசாலைகளை விட்டால், உயிரியலும் இரசாயனமும் தமிழில் ஒழுங்காகப் படிப்பிக்கும் இடங்கள் ஊவாவில் கொஞ்சம். ஆசிரியர் கிடைப்பதில்லை, கிடைத்தவரும் இடமாற்றம் கேட்கிறார். அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடக் கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். பதுளை மாவட்டம் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் இசட் புள்ளி வெட்டுப்புள்ளி சற்றுக் குறைவு என்பது உதவிதான். ஆனால் அந்தச் சலுகையில் தோட்டத்துப் பிள்ளையும் மாவட்டத்தின் மற்ற எல்லாப் பிள்ளைகளோடும் போட்டி போட வேண்டும். 2013 இல் வந்த தொழினுட்பப் பிரிவும் அதன் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் பாடமும் ஒரு புதிய வாசலைத் திறந்தன. பாடத்தில் உணவுப் பதப்படுத்தலும் வருகிறது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் அதைக் கரும்பலகையில் வரைந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. அப்புறம் ஆங்கிலம். பல்கலைக்கழகத்து முதல் வருடத்தில் பாதி சக்தி சொல்லைத் தேடுவதிலேயே போய்விடுகிறது.

படித்து முடித்தால் வேலை உண்டா என்ற கேள்வி நியாயமானது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உணவுத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாடு கட்டாயம். ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் வெளிநாட்டு வாங்குநர்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்காக உணவு விஞ்ஞானப் பட்டதாரிகளை எடுக்கின்றன. தேயிலை, பால், குளிர்பானம், மசாலா, கடலுணவு என்று துறை விரிந்தது. போசணைப் பக்கம் அரச வேலை குறைவு. தொண்டு நிறுவனங்களும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் ஆள் எடுக்கும், ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுவிடும். இதில் மயக்கம் வேண்டாம்.

ஆராயவேண்டியவை என்று பார்த்தால் ஊவாவில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. வெலிமடையிலும் கெப்பெட்டிப்பொலையிலும் போஞ்சியும் தக்காளியும் கோவாவும் கரட்டும் விளைகின்றன. கெப்பெட்டிப்பொலைப் பொருளாதார மத்திய நிலையத்தில் அவற்றைச் சாக்கில் அமுக்கிக் கட்டி லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். இலங்கையில் மரக்கறி, பழத்தில் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். கூடையின் விலையும் திரும்பி வரும் வெறுங்கூடை பிடிக்கும் இடமும் அவர்களுக்குப் பெரிய செலவு. மரக்கறி அழுகும் அந்தச் சந்தைக்கு மிகக் கிட்டிய தோட்டங்களில், தட்டில் மரக்கறி குறைவு. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் வீணாவதையும் அந்தப் பக்கம் இல்லாமல் போவதையும் ஒரே ஆய்வில் சேர்த்துப் பார்ப்பதற்கு உணவு விஞ்ஞானமும் போசணையும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

திரிபோஷ இன்னொன்று. 1973 இல் தொடங்கிய அந்தச் சத்துமா சோளம், சோயா, பால்மா கலந்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைப்பது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்தது, சோளத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடொக்சின் பற்றிய சர்ச்சையும் சேர்ந்துகொண்டது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான விநியோகம் தடைப்பட்டது. அந்த மாதங்களில் லயத்துப் பிள்ளைகள் அதற்குப் பதில் என்ன தின்றார்கள்? குடும்பத்தில் ஒருவருக்கென்று வரும் பொதி எத்தனை பேருக்குப் பிரிகிறது? பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) கொடுக்கும் சாப்பாட்டில் என்ன குறைகிறது? லயத்து வேலியோரம் முளைக்கும் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் எந்தத் தலைமுறை பறிப்பதை நிறுத்தியது? இந்தக் கேள்விகளுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பேச்சு மொழி தெரிந்த, வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்கும் அளவுக்கு நம்பிக்கைக்குரிய ஓர் ஆள் தேவை. “நேத்து என்னா சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் வெளியாளிடம் “சோறு, பருப்பு” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தெரிந்த பிள்ளை கேட்டால்தான் நேற்று இரவு தானும் பெரிய மகளும் வெறும் தேத்தண்ணியோடு படுத்ததை அக்கா சொல்வார். முதல் நாள் உண்டதை நினைவுகூரச் செய்து பதியும் முறையில் தரவு கெடுவது அங்கேதான்.

இப்படிச் சொல்வதால் வெளியிலிருந்து வந்தவர்கள் செய்தது வீண் என்று ஆகிவிடாது. எட்ஜர்டன் குழுவின் வேலையும் அத்துகோரளவின் வேலையும் இல்லாவிட்டால் தோட்டத்துப் பெண்ணின் களைப்பை இன்றும் சோம்பல் என்று எழுதிவைத்திருப்பார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஆய்வுகள் ஆங்கிலத்தில் அச்சாகி நூலகங்களில் அடுக்கப்பட்டன. எந்தத் தோட்டத்தில் குருதி எடுத்தார்களோ அந்தத் தோட்டத்து மனிதர்கள் படிக்கத் தமிழில் நாலு பக்கம் இல்லை.

சரிசெய்யக் கூடியவை சில உண்டு, அவற்றுக்குப் பெரிய திட்டம் வேண்டாம். பதுளையிலேயே ஒரு தேசியப் பல்கலைக்கழகம் இருப்பதால், ஊவாவின் தோட்டங்களை ஆய்வுக்களமாக எடுப்பவர்கள் அதே மாவட்டத்துத் தமிழ்ப் பட்டதாரி ஒருவரையாவது ஆய்வு உதவியாளராகச் சேர்க்க வேண்டும் என்று நெறிமுறைக் குழுக்கள் கேட்கலாம். ஆய்வு உதவியாளர் சம்பளம்தான் இலங்கையில் பல முதுதத்துவமாணிகளுக்குச் சோறு போட்டது. பெருந்தோட்டக் கம்பனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டும் பெயர்ப்பலகைகளில் ஒன்றைக் குறைத்தால் ஒரு பிள்ளையின் முதுமாணிக் கட்டணம் தேறும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது 1979 ஆய்வைக் கையோடு கொண்டுபோகலாம்: குருதி ஏறினால் கொழுந்தும் ஏறும் என்று கம்பனிக்குப் புரியும் மொழியிலேயே அது பேசுகிறது.

உயர்தர விஞ்ஞான, தொழினுட்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஹீமோகுளோபின் பாடம் வரும் நாளில், கட்டச் சம்பலில் பிழியும் தேசிக்காயையும் அதன்மேல் குடிக்கும் சாயத்தண்ணியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பேராதனையிலும் மாகந்துரையிலும் கோயம்புத்தூரிலும் படிப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் விவசாய, விஞ்ஞானப் பட்டதாரிகள் பல்கலைக்கழக இணையத்தளங்களிலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் வரும் அனுமதி அறிவித்தல்களைத் தவறவிடாமல் பாருங்கள். விண்ணப்பத்தில் எத்தனையாவது மட்டத்துப் பட்டம் என்று எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டுக் கையொப்பம் இடுங்கள்.